ஐந்து நட்சத்திரம் போட்டேன், என் கணக்கு மூன்றரைதான்

சமூக உளவியல் ஆன்லைன் கோர்ஸில் கடைசி வகுப்பு முடிந்த கையோடு, "எல்லாரும் ரேட்டிங் போடுங்க" என்று வாட்ஸ்அப் குழுவில் கேட்டார்கள். எனக்கு முன்னால் பதினோரு பேர் ஐந்து போட்டிருந்தார்கள். நானும் ஐந்தைத் தட்டிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். இங்கே சார் பார்க்கப் போவதில்லை. மூன்றரை.

கரூரில் ஜவுளிக்கடை பில்லிங்கில் வேலை. அஞ்சல்வழியில் எம்.எஸ்ஸி. உளவியல். சமூக உளவியல் தாள் ஒருமுறை காலை வாரியதால் இந்த எட்டு வார ஆன்லைன் வகுப்பில் சேர்ந்தேன். ஞாயிறு காலை இரண்டு மணி நேரம், தமிழில், 2,800 ரூபாய்.

அந்தக் காசு மூன்றாவது ஞாயிறுக்கே சரியாகப் போயிற்று. திரையில் ஒரு கோடு, பக்கத்தில் அ, ஆ, இ என்று மூன்று. எது சமம்? சின்னப் பிள்ளைகூட 'ஆ' என்றுதான் சொல்லும். எனக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக 'இ' என்றார்கள். கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். என் முறை வந்ததும் வாய் 'இ' என்றது. ஐந்து பேரிடமும் சார் முந்தின நாளே பேசி வைத்திருக்கிறார்!

1950களில் சாலமன் ஆஷ் அமெரிக்க மாணவர்களிடம் செய்த சோதனை அது. 18 சுற்றில் 12 முறை, ஏற்பாடு செய்த ஆட்கள் ஒரே குரலில் தப்பாகச் சொல்வார்கள். முக்கால்வாசிப் பேர் ஒரு தடவையாவது அவர்களோடு போனார்கள். கூட ஒரே ஒருவர் சரியாகச் சொன்னாலோ, விடையைத் தாளில் எழுதச் சொன்னாலோ, இது வெகுவாகக் குறைந்துவிடும். இந்தப் பாடத்தை எங்களுக்கு நடத்தியவர்களேதான் ரேட்டிங்கை எல்லாரும் பார்க்கும் குழுவில் வைத்துக் கேட்டார்கள்.

சாரா மாறி (சோதனையில் நாம் மாற்றிப் பார்ப்பது), சார்ந்த மாறி (அதனால் மாறுகிறதா என்று அளப்பது) எல்லாம் எனக்கு வெறும் மனப்பாடம். ஃபெஸ்டிங்கரும் கார்ல்ஸ்மித்தும் 1959-ல் செய்ததை வைத்துப் புரிய வைத்தார். சலிப்பான வேலையைச் செய்ய வைத்து, அடுத்து வருபவரிடம் "நல்லா இருந்தது" என்று பொய் சொல்லச் சிலருக்கு 1 டாலர், சிலருக்கு 20 டாலர். கூலி சாரா மாறி. வேலை பிடித்ததா என்று பிறகு அவர்கள் போட்ட மதிப்பெண் சார்ந்த மாறி. யாருக்கு எவ்வளவு என்பதைக் குலுக்கிப் போட்டுத்தான் பிரிக்க வேண்டும், இல்லையென்றால் சோதனை வீண். 1 டாலர்காரர்களுக்குத்தான் வேலை அதிகம் பிடித்திருந்தது. இவ்வளவு சின்னக் காசுக்கா பொய் சொன்னோம் என்று உறுத்தி, நிஜமாகவே பிடித்தது என்று மனதைத் தேற்றிக்கொண்டார்களாம். (2,800 கட்டிவிட்டோமே என்று எனக்கும் வகுப்பு பிடித்துப்போனதோ? இல்லை, மூன்றாம் ஞாயிறு நிஜமாகவே அருமை.)

ஒன்றரையைக் குறைத்தது ஏழாவது வாரம். 1964-ல் நியூயார்க்கில் கிட்டி ஜெனோவீஸ் கொலையை 38 பேர் வேடிக்கை பார்த்தார்கள் என்ற பழைய கதை, அப்படியே. அது பத்திரிகை ஊதிய கணக்கு. தாக்குதலைக் கண்ணால் பார்த்தவர்கள் வெகு சிலர். அந்தக் கதை விழுந்தாலும் டார்லி, லாட்டனே 1968-ல் செய்த சோதனை நிற்கிறது. பக்கத்து அறையில் ஒருவருக்கு வலிப்பு வருவது போல ஒலிப்பதிவு கேட்கும். கேட்பது தான் மட்டுமே என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அது அடங்குவதற்குள் உதவி தேடி எழுந்தார்கள். இன்னும் நான்கு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். இதற்கு சார் ஒதுக்கியது ஐந்து நிமிடம்.

100 உளவியல் ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்து, பாதிக்கு மேல் தேறவில்லை என்று 2015-ல் வந்ததே, அதைக் கேட்டேன். "சிலபஸ்ல இல்லம்மா" என்றார்.

வீடியோக்கள் இரண்டு மாதம்தான் இருக்கும், இறக்கிக்கொள்ள முடியாது. தேர்வுக்குப் படிப்பவர்கள் சேரலாம். மூன்றாம் ஞாயிறு சூட்சுமத்தை உடைத்துவிட்டேன், அடுத்த பேட்ச் மன்னிக்கவும்.