கால்வாய்க் கரைக்குக் கல்கூடையா, செடிச்சரிவா?

கொழும்பில் கால்வாய்க் கரை இடிந்தால் உடனே கேட்கப்படுவது கேபியன், அதாவது கல் நிரப்பிய கம்பிக்கூடைச் சுவர். காரணம் இடநெருக்கடி. செடி நட்டு வேரால் மண்ணைப் பிடிக்கவைக்கும் செடிச்சரிவுக்காக 2 மீற்றர் உயரக் கரையை 1:2 சரிவாக (உயரம் 1, அகலம் 2) வெட்டினால் ஒரு பக்கத்துக்கே 4 மீற்றர் நிலம் போகும். வெள்ளவத்தையில் மதிலுக்கும் தண்ணீருக்கும் இடையே அவ்வளவு நிலத்துக்கு எங்கே போவது?

2×1×1 மீற்றர் கூடை ஒன்று, கல் நிரப்பினால் ஏறக்குறைய மூன்றரைத் தொன். கொழும்பின் தாழ்நிலத்தில் பல இடங்களில் அடியில் இருப்பது சதுப்புக் கரிமண். அந்தப் பாரத்தில் அது மெல்ல அமிழும், சுவர் முன்பக்கம் சாயும். அடிக்கூடையைக் கால்வாய்ப் படுக்கைக்குக் கீழே இறக்காவிட்டால் நீரோட்டம் அடியை அரித்து அதே வேலையை இன்னும் வேகமாகச் செய்யும். ஆனால் அதிகம் காணும் கோளாறு வேறு: கூடைக்குப் பின்னால் வடிதுணி, அதாவது மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் துணி, விரிக்காமல் விடுவது. வெள்ளம் வடியும்போது மண் கல்லிடுக்கு வழியே கரைந்து போகிறது. சுவர் அசையாமல் நிற்கும், மேலே போட்ட நடைபாதை குழியாகும். கடல் முகத்துவாரத்தை அண்டிய பகுதியில் பிவிசி பூசாத கம்பியை வாங்கவே கூடாது, உப்பு தின்றுவிடும்.

செடிச்சரிவுக்குத் தும்பு வலையும் மரமுளையும் வெட்டிவேர் நாற்றும் போதும். நாற்றுகளை 10–15 சென்ரிமீற்றர் இடைவெளியில், சரிவுக்குக் குறுக்கே வரிசையாக நட வேண்டும். மர நிழலில் வெட்டிவேர் தேறாது. ஒக்ரோபர் மழைக்கு முன் வேர்பிடிக்க மூன்று மாதமாவது தேவை. எனவே ஜூன் கடைசியில் நடுவதே சரி. செப்ரெம்பரில் நட்டால் முதல் வெள்ளமே வலையோடு அள்ளிப்போகும். பராமரிப்பை விட்டால் ‘வெல் ஆத்தா’ என்னும் அந்நிய மரம் கரையைப் பிடித்துக்கொள்ளும்.

கோட்டே, ஹீன் எல போன்ற ஈரநிலப் பக்கங்களில் கல்கூடை கட்டுவது வீண்செலவு என்பதே எங்கள் கணிப்பு. அங்கே சரிவு நீரைத் தாங்கிக்கொள்ளவும் செய்யும். 2018இல் கொழும்புக்கு ராம்சார் (சர்வதேச ஈரநில உடன்படிக்கை) ஈரநில நகர அங்கீகாரம் வாங்கித் தந்தவை இந்தச் சதுப்புகள்தாம்.

வெள்ளவத்தையில் கல்கூடைதான். ஆனால் ஒரு மீற்றர் கூடைகளைச் செங்குத்தாக அடுக்கினால் சனம் எட்டிப் பார்ப்பதோடு சரி. அரை மீற்றர் கூடைகளைப் படிப்படியாகப் பின்தள்ளி வைத்தால் அதிலேயே உட்காரலாம். படி வைக்கும் முன் மழையில்லாத ஒரு வாரத்தில் கரையோரம் நடந்து பாருங்கள். அப்போதும் ஒழுகும் குழாய் எதுவோ, அது மழைநீர்க் குழாயல்ல. அதைக் கழிவுநீர் வலையமைப்போடு இணைக்காமல் பக்கத்தில் இருக்கை போட்டால், ஒருவரும் உட்காரமாட்டார்.