ஏ லெவலில் ஸ்பானிய மொழி: சோதனை எழுதியது மகள், படித்தது இருவர்

கணிதம், பொருளியல், ஸ்பானிய மொழி. இங்கிலாந்தில் பல்கலைக்கழகத்துக்கு முந்தைய ஏ லெவல் தேர்வுக்கு மகள் இந்த மூன்றையும் தெரிவு செய்த அன்று மாலையே டொரோண்டோவிலிருந்து அண்ணன் அழைத்தார். "ஸ்பானிஷா? பிள்ளை சுற்றுலா வழிகாட்டியாகவா போகப்போகிறாள்?" என்றார். எனக்கும் உள்ளுக்குள் அதே கேள்விதான். ஆனால் அண்ணன் கேட்டுவிட்டாரே என்பதற்காக மகளின் பக்கம் சாய்ந்தேன்.

இரண்டு ஆண்டுகள் முடிந்து இந்தக் கோடையில் பெறுபேறும் வந்துவிட்டது. லண்டனின் ஹரோவில் எங்களைப் போல் பிள்ளைகளுக்குப் பாடம் தேடும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். படிப்புக்கு ஐந்துக்கு நான்கரை கொடுப்பேன். அதை எங்கள் பாடசாலை நடத்திய விதத்துக்கு மூன்றுக்கு மேல் மனம் வரவில்லை.

முதலில் குறையைச் சொல்லிவிடுகிறேன். ஏ லெவலுக்கு முந்தைய ஜிசிஎஸ்இ தேர்வில் ஆகக்கூடிய தரமான 9 எடுத்த பிள்ளை என்று நிம்மதியாக இருந்தேன். ஏ லெவலின் முதல் கட்டுரை சிவப்பு மையில் குளித்து வந்தது. அதுவரை 'என் விடுமுறை', 'என் குடும்பம்' என்று எழுதிக்கொண்டிருந்தவளிடம் திடீரென்று ஸ்பெயினை ஆண்ட பிராங்கோவின் சர்வாதிகாரத்தைப் பற்றி வாதாடச் சொன்னால் வேறு என்ன நடக்கும்? அந்த இடைவெளியை நிரப்ப யாரும் பெரிதாக முயலவில்லை. பேச்சுப் பயிற்சிக்கென்று வாரம் அரை மணி நேரம் வந்துகொண்டிருந்த உதவி ஆசிரியையும் நத்தார் விடுமுறையோடு போய்விட்டார். அவருக்குப் பதிலாக ஒருவரும் வரவில்லை. ஆறே பேர் கொண்ட வகுப்பில் இரண்டு பிள்ளைகள் வீட்டில் ஸ்பானியம் பேசுகிறவர்கள். மற்ற நால்வரும் அவர்களைப் பார்த்து வாயை மூடிக்கொண்டார்கள்.

மகளின் வாயைத் திறக்க வைத்தது தமிழ். இதை எந்தப் பாடசாலைக் கையேடும் சொல்லாது என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஆங்கிலம் மட்டுமே தெரிந்த பிள்ளைகள் 'மே குஸ்தா' என்பதில் மாதக்கணக்கில் தடுக்கி விழுகிறார்கள். 'நான் கோப்பியை விரும்புகிறேன்' என்ற கணக்கில் யோசித்தால் அது பிடிபடாது. ஸ்பானியத்தில் கோப்பிதான் எழுவாய். அது எனக்குப் பிடிக்கிறது. நாம் சொல்லும் 'எனக்குக் கோப்பி பிடிக்கும்' அப்படியே அங்கே இருக்கிறது. 'பேசுகிறேன்' என்றாலே பேசுகிறவர் யார் என்று தெரிந்துவிடுவதுபோல 'ஆப்லோ' என்ற ஒரு சொல்லிலேயே 'நான்' அடங்கிவிடுகிறது. 'தூ' என்றால் நீ, 'உஸ்தேத்' என்றால் நீங்கள். யாரிடம் எதைச் சொல்வது என்று அம்மம்மாவிடம் வாங்கிய குட்டிலேயே பழகிய பிள்ளைக்கு அதை விளக்க வேண்டியதில்லை. உச்சரிப்பும் அப்படித்தான். ஆங்கிலப் பிள்ளைகள் 'டூ' என்கிறார்கள். ஸ்பானியத்துக்கு வேண்டியது நம்முடைய 'த'. (வீட்டில் அவள் 'தூ, தூ' என்று பயிற்சி செய்தபோது, யாரைத் துப்புகிறாள் என்று என் மாமியார் எட்டிப் பார்த்தது வேறு கதை.)

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. 'வியேனே' என்றால் வருகிறான். அவன் வரவேண்டும் என்று ஆசைப்பட்டால் அதே வினை 'வெங்கா' என்று உருமாறிவிடும். ஆசை, ஐயம், அச்சம் எல்லாவற்றுக்கும் இந்தத் தனி உருவம்தான். அதற்காகக் குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுக்க மஞ்சள் தாள் ஒட்டிய மாதங்கள் இருந்தன.

எங்கள் பாடசாலை எடுத்த தேர்வு வாரியத்தில், கேட்டல், வாசிப்பு, மொழிபெயர்ப்பு எல்லாம் சேர்ந்த இரண்டரை மணி நேரத் தாளுக்குப் பாதி மதிப்பெண். ஒரு நூலையும் ஒரு திரைப்படத்தையும் பற்றிய இரண்டு கட்டுரைகளுக்கு 20 விழுக்காடு. மீதி 30 பேச்சுத் தேர்வுக்கு. இணையவெளி, இன்றைய நட்சத்திரங்கள் போன்ற தலைப்புகள் சப்பென்று இருந்தன. ஸ்பெயினிலிருந்து பிரிவதா என்று கேட்ட கட்டலோனியாவின் 2017 வாக்கெடுப்பு வந்தபோது மட்டும் நானும் மேசையில் போய் உட்கார்ந்தேன்.

நூல், ஸ்பானிய எழுத்தாளர் லோர்காவின் 'பெர்னார்தா ஆல்பாவின் வீடு' என்ற நாடகம். 1936 ஜூனில் எழுதி முடித்தார். இரண்டு மாதத்தில் அவரைச் சுட்டுக் கொன்றுவிட்டார்கள். கணவன் செத்த வீட்டில் எட்டு ஆண்டு துக்கம் என்று சொல்லி ஐந்து பெண்பிள்ளைகளைப் பூட்டி வைக்கும் தாயின் கதை. மேடையில் ஓர் ஆண்கூடத் தோன்றுவதில்லை. 'ஊர் என்ன சொல்லும்' என்ற பயத்தில் சன்னல் சாத்தும் வீடுகளை நான் அறியாதவளா? இங்கிலாந்துப் பிள்ளைகளுக்கு அது அந்நியப் பண்பாடு. என் மகள் ஆங்கில மொழிபெயர்ப்பை என்னிடம் நீட்டி, "அம்மா, இது உங்கள் பெரியம்மா வீடு" என்றாள்.

பேச்சுத் தேர்வின் பெரும்பகுதி மாணவர் தாமே தெரிவு செய்யும் ஆய்வு. ஸ்பானியம் பேசும் நாடொன்றைப் பற்றியதாக இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் தலைப்பை அறிமுகம் செய்தபின் ஒன்பது, பத்து நிமிடம் கேள்விகளுக்கு ஈடுகொடுக்க வேண்டும். மகள் எடுத்தது ஆர்ஜென்டீனாவின் மே சதுக்கத் தாய்மார். 1977 ஏப்ரல் 30 அன்று, இராணுவ ஆட்சியில் காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளைத் தேடி 14 பெண்கள் புவனஸ் அயர்ஸ் சதுக்கத்தில் கூடினார்கள். கூடி நிற்கக்கூடாது, நடங்கள் என்றது பொலிஸ். நடந்தார்கள், வியாழன்தோறும் வட்டமாக. தலையில் வெள்ளைத் துணி. முதலில் அது குழந்தைக்குக் கட்டும் துணியாகத்தான் இருந்தது. அவர்களை ஒன்றுசேர்த்த அசுசேனா வில்யாஃப்ளோரையே அந்த டிசம்பரில் கடத்தினார்கள். எச்சங்களை அடையாளம் கண்டது 2005இல்.

நான் கிளிநொச்சிக்காரி. 2018இல் ஊருக்குப் போனபோது, கந்தசுவாமி கோயிலடியில், காணாமல் ஆக்கப்பட்ட பிள்ளைகளின் படங்களை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அம்மாக்களைக் காட்டினேன். மகளுக்கு அப்போது 11 வயது. ஐஸ்கிரீம் கேட்டு அழுதாள் என்பதுதான் எனக்கு நினைவிருந்தது. அவளுக்கு வேறும் நினைவிருந்திருக்கிறது.

பயிற்சிக்கு ஆளில்லாததால் நானே தேர்வாளரானேன். மருந்தகத்தில் வேலை முடிந்து வந்து, கைபேசியில் நேரம் வைத்து எதிரே உட்காருவேன். எனக்குத் தெரிந்த ஸ்பானியம் ஒரே கேள்வி: "போர் கே?" ஏன்? அவள் எதைச் சொன்னாலும் "போர் கே?" என்பேன். மூன்றாவது 'போர் கே'யில் மனப்பாடம் தீர்ந்துவிடும்; அதன் பிறகு வருவதுதான் உண்மையான பேச்சு. ஆறு வாரம் இப்படிப் போனது. ஆள் வைத்துப் பேச்சுப் பயிற்சி கொடுப்பதற்கு மணிக்கணக்கில் பணம் கட்டுகிறவர்கள் முதலில் இதைச் செய்து பார்க்கலாம்.

'ஏ' கிடைத்தது. மொழிமேல் ஆசையில்லாமல், எளிதாக இருக்கும் என்று நினைத்து எடுக்கும் பிள்ளைக்கு இந்தப் பாடம் வேண்டாம். சேருமுன் பேச்சுக்கு வாரம் எத்தனை நிமிடம், யார் வருகிறார் என்று பாடசாலையில் கட்டாயம் கேளுங்கள்.

இலக்கணப் புத்தகமும் அகராதியும் வீட்டில் சும்மா கிடக்கின்றன. எங்களை அறிந்தவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம். லோர்காவின் ஸ்பானியப் பிரதியை மட்டும் இப்போதைக்குத் தர இயலாது. மகளின் பென்சில் குறிப்புகளைப் பிடித்துக்கொண்டு இரண்டாம் அங்கம் வரை வந்திருக்கிறேன்.