மானியம் வாங்கித் தர்றோம்னு 38,500 ரூபாயை வாங்கிட்டாங்க: குமரி மாவட்டத்துல சின்னத் தொழில் பண்றவங்க படிங்க

38,500 ரூபாய். நேந்திரங்காய் சிப்ஸ் போடுற எங்க சின்ன யூனிட்டுக்கு அது எண்ணெய் வாங்குற காசு. நேத்து நாகர்கோவில் கோணத்துல இருக்கிற மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்க் கேட்டப்பதான் மொத்தமும் வெளிச்சத்துக்கு வந்தது. ஆத்திரம் இன்னும் அடங்கல. அடுத்து என்ன செய்யணும்னு கடைசியில எழுதறேன்.

ஏமாத்தினது மார்த்தாண்டம் பக்கம் மாடியில நடக்கிற ஒரு மானிய ஆலோசனை ஆபீஸ். பேர் போடல, போலீஸ்ல புகார் கொடுக்கணும்.

மானியம் எதுவும் ஒரே இடத்துல பட்டியலா கிடைக்கிறதில்ல. ஒண்ணு தொழில் மையத்துல, ஒண்ணு தோட்டக்கலையில, ஒண்ணு மீன்வளத்துல, இன்னொண்ணு தாட்கோவுல. பேப்பர்ல நாலு வரி வரும், அடுத்த நாள் அது பஜ்ஜி மடிக்கப் போயிடும். இவங்க பிழைக்கிறதே இதை வச்சுத்தான். "வெளிய வராத லிஸ்ட் அண்ணே, ஆபீஸ் ஆளுகளுக்கு மட்டும்தான் தெரியும்"னு ஸ்பைரல் போட்ட ஒரு புக்கை எடுத்து வச்சாங்க. உள்ள இருந்தது நீட்ஸ், யு.ஒய்.இ.ஜி.பி., பி.எம்.இ.ஜி.பி.ன்னு தொழில் தொடங்க பேங்க் கடனோட மானியம் தர்ற அரசுத் திட்டங்கள். எல்லாமே கோணத்துல கேட்டா சும்மா விளக்கிச் சொல்ற திட்டம்.

நம்ப வச்சது உத்யம் சான்றிதழ், அதாவது சின்னத் தொழில்களுக்கு மத்திய அரசு தர்ற பதிவுச் சான்றிதழ். ஆதார் நம்பர் போட்டாங்க, ஓடிபி வந்தது, சான்றிதழ் பிரின்ட் ஆயிடுச்சு. மேல சிங்க முத்திரை, ஓரத்துல க்யூஆர். போன்ல ஸ்கேன் பண்ணினா அரசு தளமே திறக்குது. 3,500 ரூபாய் கை மாறினது அப்பதான். அந்தச் சான்றிதழ் நிஜம்தான். ஆனா 2020 ஜூலையில தொடங்கினதுல இருந்தே உத்யம் பதிவு முழுக்க இலவசம். நாமளே சொல்ற தகவலை வச்சு பதிவு பண்றதுதான். மானியத்துக்கான அனுமதி இல்ல அது.

அடுத்து திட்ட அறிக்கைக்கு 15,000. 25 லட்சம் ப்ராஜெக்ட், 35 சதவீதம், 8,75,000 ரூபாய் மானியம், "கடன் வேண்டாம், நேரா உங்க அக்கவுண்ட்டுக்கு"ன்னாங்க. அறிக்கையில ஏழாம் பக்கம் மூலப்பொருள் 'முந்திரி'ன்னு இருக்கு. யாரோ ஒருத்தருக்குப் போட்டதைப் பேர் மாத்திக் கொடுத்திருக்காங்க. விண்ணப்பம் போட்டது பி.எம்.இ.ஜி.பி.யில. அது புதுசா தொடங்குற யூனிட்டுக்கு மட்டும். ஏற்கெனவே நடக்கிற தொழிலுக்கு முதல் கடனே கிடையாது. இவங்க எடுத்துக் கொடுத்த உத்யம் சான்றிதழ்லயே தொழில் தொடங்கின தேதி 2021னு இருக்கு! விண்ணப்பத்துல கொடுத்த போன் நம்பரும் அவங்களோடது. அதனால விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்பின தகவல்கூட நமக்கு வரல.

கடைசி 20,000 ஒரு 'அனுமதிக் கடிதத்தை'க் காட்டி வாங்கினது. ஊதா முத்திரை, கையெழுத்து எல்லாம் இருக்கு. ந.க.எண், அதாவது அரசுக் கடிதத்துல வர்ற கோப்பு எண், இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுமில்ல, நாள்னு போட்ட இடமும் காலி. பேங்க் பேரே கடிதத்துல இல்ல. நிஜத்துல பேங்க் முதல்ல கடனை அனுமதிக்கணும், அதுக்கப்புறம் மானியம் அந்தக் கிளைக்கே வந்து மூணு வருஷம் டெபாசிட்டா நிக்கும், பிறகுதான் கடன்ல கழியும். கைக்கு ரொக்கமா வராது.

அப்புறம் ஆரம்பிச்சது இழுத்தடிப்பு. "ஃபைல் சென்னைக்குப் போயிருக்கு." "மேடம் லீவு." "மார்ச்ல ஃபண்ட் ரிலீஸ் ஆகும் அண்ணே, பயப்படாதீங்கோ." நேர்ல போனா ஒரு பொண்ணு தண்ணி கொடுத்து உட்கார வைக்குது, ரெண்டு மணி நேரம் கழிச்சு "சார் நாகர்கோவில்ல மீட்டிங்"ங்குது. பைசாவைத் திருப்பிக் கேட்டப்ப ரசீதோட அடியில இருக்கிற பொடி எழுத்தைக் காட்டினாங்க: 'ஆலோசனைக் கட்டணம், திருப்பித் தரப்படாது.' இப்ப போனே எடுக்கிறதில்ல. 38,500 ரூபாய், மூணு தவணையா, யாரோ ஒரு தனி ஆளோட ஜிபே நம்பருக்கு.

இன்னும் வயிறு எரியுறது எதுக்குன்னா, நடக்கிற சிப்ஸ் யூனிட் மாதிரி சின்ன உணவுத் தொழிலுக்குன்னே மத்திய அரசோட பி.எம்.எஃப்.எம்.இ. திட்டம் 2020ல வந்திருக்கு. 35 சதவீதம், அதிகபட்சம் 10 லட்சம், அதுவும் பேங்க் கடனோடதான். விண்ணப்பமும் திட்ட அறிக்கையும் தயார் பண்ணிக் கொடுக்க மாவட்ட வள நபர்னு ஆள் இருக்காங்க. அவங்களுக்கு அரசே பணம் கொடுக்குது, நாம ஒரு பைசா கொடுக்க வேண்டாம். தொழில் மையத்துல கேட்டா யாருன்னு சொல்லுவாங்க. இதை ஒருத்தர் முன்னாடியே சொல்லியிருந்தா!

என்ன செய்யணும்னு எழுதறேன்னு சொன்னேன், ஸ்டேஷனுக்குக் கிளம்பணும், அதனால சுருக்கமா. கோணத்துக்கு நேர்ல போங்க, இல்லன்னா திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுநாள்ல கேளுங்க. கிராமசபையிலயும் கேளுங்க. விண்ணப்பத்துல உங்க போன் நம்பரை மட்டும் போடுங்க, ஓடிபியை யார்கிட்டயும் சொல்லாதீங்க. மானியம் ரிலீஸ் ஆக முன்பணம் கேட்டா அங்கேயே எழுந்து வந்துடுங்க. ஆன்லைன்ல பைசா போயிட்டா அன்னைக்கே சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடிங்க. நாங்க "பாத்துக்கிடலாம்"னு காத்திருந்துட்டோம்.

இதே ஆபீஸ்ல பைசா கொடுத்தவங்க இருந்தா ரசீதோட வாங்க, சேர்ந்தே புகார் கொடுப்போம்.