கட்டுமானப் பொருள் கொள்முதலுக்கு ஈஆர்பிநெக்ஸ்ட் எந்த அளவுக்கு உதவும்?

மும்பையைச் சேர்ந்த ஃபிராப்பே நிறுவனம் உருவாக்கிய ஈஆர்பிநெக்ஸ்ட், ஒரு நிறுவனத்தின் கொள்முதல், ஸ்டாக், கணக்கு ஆகியவற்றை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் திறந்த மூல மென்பொருள். உரிமக் கட்டணம் கிடையாது. சர்வர் வாடகையும், அமைத்துத் தருபவருக்கான கட்டணமும்தான் செலவு. ஒரே நேரத்தில் நான்கைந்து சைட்டுகளில் வேலை நடத்தும் நடுத்தரக் கட்டுமான நிறுவனத்தின் கொள்முதலுக்கு இது கைகொடுக்குமா என்பதை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

சைட்டிலிருந்து வரும் இண்டென்ட் (பொருள் தேவைக் கோரிக்கை), கடைகளிடம் கேட்கும் கொட்டேஷன், பர்ச்சேஸ் ஆர்டர், சரக்கு வரவுப் பதிவு, பில் ஆகியவை ஒன்றிலிருந்து ஒன்று உருவாகும்படி இதில் கோக்கப்பட்டுள்ளன. ஆர்டரும் சரக்கு வரவும் இல்லாமல் பில்லைப் பதிய முடியாது என்றும், ஆர்டரில் ஒப்புக்கொண்ட விலையே கடைசி வரை நீடிக்க வேண்டும் என்றும் கொள்முதல் அமைப்புகளில் கட்டாயமாக்கலாம். போனில் பேசிய விலை ஒன்றாகவும் பில்லில் ஏறிய விலை வேறொன்றாகவும் இருப்பது சர்வசாதாரணமாகிவிட்ட இந்தத் தொழிலில், இந்த இரண்டு கட்டுப்பாடுகளுக்காகவே இதை அமைத்துப் பயன்படுத்தலாம் என்பேன்.

ஆனால் அலகுகளை ஒழுங்காக அமைக்காவிட்டால் எல்லாம் வீண். எம்-சாண்டை 100 கன அடி கொண்ட யூனிட் கணக்கில் ஒருவர் தருவார், டன் கணக்கில் இன்னொருவர் தருவார். பொறியாளரின் மதிப்பீடோ கன மீட்டரில் இருக்கும். ஒரு யூனிட் ஏறத்தாழ 2.83 கன மீட்டர் என்று பொருள் பட்டியலில் ஒருமுறை பதிந்துவிட்டால் அந்த மாற்றத்தை மென்பொருளே பார்த்துக்கொள்ளும். டன் கணக்குக்கு அப்படி ஒரே எண்ணை நம்ப முடியாது, ஏனெனில் மணலின் ஈரத்தைப் பொறுத்து எடை மாறும்.

கம்பியில் இன்னும் கூடுதல் கவனம் தேவை. விட்டத்தின் வர்க்கத்தை 162 ஆல் வகுக்கும் வழக்கமான கணக்குப்படி 12 மி.மீ. கம்பி மீட்டருக்கு 0.889 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று சுமார் 10.67 கிலோ. 5 டன் ஆர்டருக்கு ஏறக்குறைய 469 கம்பிகள் இறங்க வேண்டும். கம்பிக்கான இந்தியத் தரநிலை 1786 இந்த விட்டத்துக்கு எடையில் 5 சதவீதம் வரை கூடக் குறைய அனுமதிப்பதால், எடை மேடைச் சீட்டும் எண்ணிக்கையும் அச்சு அசலாக ஒத்துப்போகாது. ஆகவே ஸ்டாக்கைக் கிலோவில் வைத்து, கம்பி எண்ணிக்கைக்கென வரவுப் பதிவில் தனிக் கட்டம் ஒன்றைச் சேர்த்துக்கொள்வதே சரி. நிரல் எழுதாமலேயே அதைச் செய்ய முடிகிறது. வித்தியாசம் அந்த வரம்பைத் தாண்டும்போது, லாரி வாசலில் நிற்கும்போதே கடைக்காரரிடம் கேட்டுவிடலாம்.

லாரி வாடகையையும் இறக்குக் கூலியையும் பொருளின் அடக்க விலையில் ஏற்றும் வசதி, ஜல்லி, செங்கல் போன்றவற்றுக்கு மிகவும் பயன்படும். ஜிஎஸ்டிக்கு இந்தியா கம்ப்ளையன்ஸ் என்ற தனிச் செயலியை இணைக்க வேண்டும்; விற்பவர்கள் தாக்கல் செய்த பில்களைக் காட்டும் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் வராத பில்களை அது பிரித்துக் காட்டும். 2025 செப்டம்பர் 22 முதல் சிமெண்ட் வரி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்ததால், அதற்கு முன் போட்ட ஆர்டர்கள் ஏதும் இன்னும் முடியாமல் நின்றால் அவற்றில் வரி விகிதத்தை நிரப்பும் வார்ப்புருவையும் சரிபார்க்க வேண்டும்.

குறைகளும் உண்டு. வேலை அளவுப் பட்டியலை, அதாவது பிஓக்யூவை, கட்டுமானத் தொழிலின் முறைப்படி கையாளத் தனிப் பகுதி இல்லை. பட்ஜெட்டைப் புராஜெக்ட் வாரியாகப் பணத்தில் கட்டுப்படுத்தலாம். ஆனால் மூன்றாம் தளக் கூரைக்கு இத்தனை மூட்டை சிமெண்ட்தான் என்று அளவில் கட்டுப்படுத்த, கூடுதல் வேலை செய்துதான் ஆக வேண்டும். உலாவி வழியாக இயங்குவதால் சிக்னல் எட்டாத சைட்டில் உடனுக்குடன் பதிய இயலாது. மாலையில் மொத்தமாகப் பதியும் வழக்கம் அங்கிருந்துதான் தொடங்குகிறது. அப்படிப் பதிந்தால், குறைந்த எடையை லாரி போன பிறகுதான் கண்டுபிடிக்க நேரும்.

அமைத்துத் தருபவரைத் தேர்ந்தெடுக்கும்போது, உற்பத்தி ஆலைக்குச் செய்த அனுபவத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். உங்கள் சைட்டின் டெலிவரி சலான், எடைச் சீட்டு, பில் மூன்றையும் அவரிடம் கொடுத்து, உங்கள் ஸ்டோர் கீப்பர் முன்னிலையில் ஒரு லோடு கம்பியை அவரது மாதிரி அமைப்பில் பதிந்து காட்டச் சொல்லுங்கள்; பணம் பேசுவதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.