லினக்ஸில் எதை ஆடலாம்: ரூன்ஸ்கேப்பா, கில்ட் வார்ஸ் 2-ஆ? இரண்டும் இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகள்.

நிறுவுதல்
ஓல்ட் ஸ்கூல் ரூன்ஸ்கேப் (ரூன்ஸ்கேப்பின் பழைய பாணிப் பதிப்பு): இதை ஆடப் பயன்படும் ரூன்லைட் ஜாவாவில் எழுதிய திறமூலச் செயலி, லினக்ஸில் நேரடியாக ஓடும். ஜாகெக்ஸ் (விளையாட்டை உருவாக்கிய நிறுவனம்) கணக்கென்றால், உள்நுழைய போல்ட் லாஞ்சரும் வேண்டும்.
கில்ட் வார்ஸ் 2: விண்டோஸுக்கானது, ஸ்டீமில் புரோட்டான் (விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓடவைக்கும் கருவி) பார்த்துக்கொள்ளும். ஆனால், ஸ்டீமுக்கு வெளியே தொடங்கிய பழைய கணக்கு இருந்தால் லாஞ்ச் ஆப்ஷன்ஸில் '-provider Portal' கட்டளையைச் சேர்க்க வேண்டும். பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கணினி
முன்னது பழைய லேப்டாப்பிலும் ஓடும். பின்னது கிராபிக்ஸ் கார்டு கேட்கும். புது இடங்களில் ஷேடர் (காட்சியை வரையும் சிறு நிரல்) தயாராகும்வரை திணறலாம்.

செலவு
இரண்டையும் இலவசமாகத் தொடங்கலாம். பிறகு ரூன்ஸ்கேப்பில் சந்தா. கில்ட் வார்ஸில் விரிவாக்கத்தை ஒருமுறை வாங்கினால் போதும்.

மரம் வெட்டவிட்டு வேறு வேலை பார்ப்பவருக்கு ரூன்ஸ்கேப். கூட்டமாக டிராகனை அடிக்க ஆசைப்படுபவருக்கும், சந்தா கட்டிவிட்டு ஆடாமல் விடுபவருக்கும் (நம்மில் பாதிப்பேர்!) கில்ட் வார்ஸ்.