ரெடினா திரைக்குப் படம்: மீடியா குவெரியா, சோர்ஸ்செட்டா?

2010-ல் ஐபோன் 4 வந்தபோது, ஆப்பிள் 'ரெடினா' என்று பெயரிட்ட நெருக்கமான பிக்சல் கொண்ட அதன் திரையில் 640×960 பிக்சல் இருந்தது, ஆனாலும் சஃபாரி பக்கத்திடம் "என் அகலம் பழையபடி 320தான்" என்றே சொன்னது. ஒரு சிஎஸ்எஸ் பிக்சல் (பக்கத்தின் ஸ்டைலில் நாம் எழுதும் அளவு) இருந்த இடத்தில் நான்கு நிஜப் பிக்சல், அதனால் அதுவரை பளிச்சென்று இருந்த லோகோக்கள் மங்கிப்போயின. அப்போது பலரும் பிடித்துக்கொண்டது மீடியா குவெரியை, அதாவது திரையின் தன்மையைப் பார்த்து ஸ்டைலை மாற்றும் சிஎஸ்எஸ் நிபந்தனையை: அடர்த்தி (ஒரு சிஎஸ்எஸ் பிக்சல் அகலத்தில் எத்தனை நிஜப் பிக்சல் என்பது) 2-க்குக் குறையாமல் இருந்தால் இரட்டை அளவுப் படத்தைப் போடு, அவ்வளவுதான்.

படத்துக்கு இன்றும் அதையே எழுதுவது வீண் வேலை என்பேன். மீடியா குவெரி ஒரு கட்டளை. சிக்னல் ஒரு கோட்டில் தவித்துக்கொண்டிருந்தாலும் பிரவுசர் பெரிய படத்தைத்தான் இறக்கும், அதில் நான்கு மடங்கு பிக்சல், 3 அடர்த்திக்கு ஒன்பது மடங்கு. இன்னொரு தலைவலி பின்ன அடர்த்தி. விண்டோஸில் திரை அளவை 150% என்று வைத்திருப்பவருக்கு அது 1.5, பக்கத்தை ஜூம் செய்தால் அதுவும் மாறும். 2 என்று மட்டும் எழுதி வைத்தால் இவர்களுக்கெல்லாம் மங்கல் படம்தான்.

சோர்ஸ்செட் வேறு மாதிரி, அது ஒரே படத்தின் பல அளவுகளை ஹெச்டிஎம்எல்லில் பட்டியல் போடும் வழி. என்னிடம் 400, 800, 1600 பிக்சல் அகலப் படங்கள் இருக்கின்றன என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளலாம், திரை அடர்த்தி, படம் நிற்கும் இடத்தின் அகலம் எல்லாம் பார்த்து பிரவுசரே எடுத்துக்கொள்ளும். ஆனால் படம் எவ்வளவு அகலத்தில் நிற்கும் என்று சொல்லும் 'சைஸஸ்' எழுத மறந்தால் படம் முழுத் திரை அகலத்துக்கு என்று நினைத்துக்கொண்டு, கட்டைவிரல் அளவுப் படத்துக்கும் 1600-ஐ இழுத்து வரும். நானும் மறந்திருக்கிறேன், பக்கம் ஏன் இவ்வளவு கனக்கிறது என்று ஒரு மாலை முழுக்கத் தேடினேன். அப்புறம், லேஅவுட்டை சிஎஸ்எஸ்ஸில் மாற்றினால் ஹெச்டிஎம்எல்லில் சைஸஸையும் மாற்ற வேண்டும், இது நிஜமாகவே எரிச்சல்.

பின்னணிப் படமா? சிஎஸ்எஸ்ஸில் இதேபோல் பட்டியல் போடும் இமேஜ்-செட். குரோம் 2023-ல்தான் 'வெப்கிட்' என்ற முன்னொட்டு இல்லாமல் அதை ஏற்றது, ஆகவே பழைய பிரவுசருக்காக மேலே ஒரே படத்தைக் காட்டும் ஒரு சாதாரண வரி வையுங்கள். லோகோவும் ஐகானும் எஸ்விஜி (எந்த அளவிலும் மங்காத பட வடிவம்), அதில் யோசிக்க ஒன்றுமில்லை.

சரி, மீடியா குவெரியைத் தூக்கிப் போட்டுவிடலாமா என்றால், வேண்டாம். மெல்லிய எழுத்துரு பழைய மானிட்டரில் உடைந்து தெரியும். அதனால் எழுத்தின் எடையை, அதாவது தடிமனை, 400 என்று வைத்துவிட்டு, 'மின்-ரெசல்யூஷன் 2டிபிபிஎக்ஸ்' (அடர்த்தி குறைந்தது 2) என்ற மீடியா குவெரி பொருந்தும் இடத்தில் மட்டும் 300 ஆக்குகிறேன். இதை சோர்ஸ்செட்டால் செய்ய முடியாது.