கையில் காசு வந்தால் பற்றாம்: தி.நகர் ஃபைனான்ஷியல் மாடலிங் வகுப்பு எப்படி?

ஒரு கம்பெனியின் கணக்குகளை எக்ஸெலில் போட்டு அதன் வருங்கால வருமானத்தையும் மதிப்பையும் கணிப்பதுதான் ஃபைனான்ஷியல் மாடலிங். அதைச் சொல்லித்தரும் வகுப்பு இது. முதலில் காசு விவரம். கட்டணம் 18,500 ரூபாய், மேலே 18 சதவீத ஜி.எஸ்.டி., ஆக 21,830. எட்டு ஞாயிற்றுக்கிழமைகள், காலை 9 முதல் மதியம் 1 மணி வரை. மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி, ரங்கநாதன் தெருவில் கடைகள் ஷட்டர் தூக்குகிற நேரத்தில் நடந்தால், ஒரு பாத்திரக் கடைக்கு மேலே இரண்டாவது மாடி. லிஃப்ட் கிடையாது. வகுப்பின் பெயரைப் போடப் போவதில்லை. குறைகளும் சொல்ல வேண்டியிருக்கிறது, நடத்துகிற சார் தனி ஆளாகக் கஷ்டப்பட்டு நடத்துகிறார்.

நான் பி.ஏ. வரலாறு, மூன்றாம் வருடம். எனக்கு எதற்கு ஃபைனான்ஷியல் மாடலிங் என்று வீட்டிலேயே கேட்டார்கள். காரணம் ஆர்பத்நாட். 1906 அக்டோபரில் மதராஸில் விழுந்த வங்கி; அது விழுந்த சூட்டில்தான் மறு வருடம் இந்தியன் வங்கி பிறந்தது. அதைப் பற்றி இரண்டாம் வருடத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். கன்னிமாரா நூலகத்தில் உட்கார்ந்து படித்தபோது மனிதர்களின் கதை எல்லாம் புரிந்தது. சொத்து, பொறுப்பு (கொடுக்கவேண்டிய கடன்) என்று எண்கள் வந்த பக்கங்களை மட்டும் தாண்டித் தாண்டிப் போனேன். கட்டுரைக்கு நல்ல மதிப்பெண் வந்தது. எனக்குத்தான் வெட்கமாக இருந்தது. அப்புறம் ஒரு மெர்ச்சன்ட் பேங்கரிடம், அதாவது கம்பெனிகளைப் பங்குச் சந்தைக்குக் கூட்டிவருகிற, ஒரு கம்பெனி இன்னொன்றை வாங்கும்போது நடுவில் நிற்கிற நிறுவனத்தில், இன்டர்ன்ஷிப் கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. போஸ்டரில் 'எந்தப் பட்டதாரியும் சேரலாம்' என்று இருந்தது. சேர்ந்தேன்.

முதல் வகுப்பில் 22 பேர். "யாரெல்லாம் பி.காம்?" என்றார் சார். 19 கைகள். மீதியில் இரண்டு பேர் இன்ஜினியரிங்.

"நீ என்னம்மா?"

"ஹிஸ்டரி சார்."

"சரி பரவால்ல, இங்கயும் பழைய வருஷக் கணக்குதான் பாக்கப்போறோம்" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். அதன்பின் இருபதே நிமிடத்தில் பேலன்ஸ் ஷீட் (சொத்தும் கடனும்), லாப நஷ்டக் கணக்கு, கேஷ் ஃப்ளோ (காசு வந்துபோன கணக்கு) மூன்றையும் ஸ்லைடில் ஓட்டிவிட்டு, "இதெல்லாம் உங்களுக்குத் தெரியும்" என்று எக்ஸெலைத் திறந்தார். எனக்குத் தெரியாது. இந்த வகுப்பின் பெரிய குறை இதுதான். எந்தப் பட்டதாரியும் காசு கட்டலாம், ஆனால் பாடம் காமர்ஸ்காரர்களுக்கு.

அந்த வாரம் என்னைக் காப்பாற்றியது நம் அரசுப் பாடநூல். பதினொன்றாம் வகுப்பு கணக்குப்பதிவியல், தமிழ் வழி, பி.டி.எஃப். இலவசம். அதிலும் மூன்று இரவு ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டேன். வரவு என்றால் நமக்கு என்ன? வருமானம். பற்று என்றால் கடன் பாக்கி. புத்தகமோ, உள்ளே வருவதைப் பற்று வை, வெளியே போவதை வரவு வை என்கிறது. கையில் காசு வந்தால் ரொக்கக் கணக்கில் பற்றாம்! அச்சுப் பிழை என்றே நினைத்தேன். நாலாவது நாள் எங்கள் தெரு அண்ணாச்சி கடை நோட்டைப் பார்த்தபோதுதான் உறைத்தது. அப்பா பெயருக்கு எதிரே 'பற்று 640' என்று எழுதியிருந்தது. அது அண்ணாச்சியின் கணக்குப் புத்தகம். அதில் அப்பா பொருளைப் பெற்றவர், அதனால் பற்று. அண்ணாச்சி சரியாகத்தான் எழுதிக்கொண்டிருந்தார். நான்தான் எங்கள் வீட்டுப் பக்கம் நின்று படித்துக்கொண்டிருந்தேன்.

கொடுத்த காசுக்கு நியாயம் கிடைத்தது நாலாவது வகுப்பில், அதுவும் கரண்ட் போனதால். புரொஜெக்டர் அணைந்ததும் சார் மார்க்கரை எடுத்துக்கொண்டு வெள்ளைப் பலகைக்குப் போனார். "மாவுக்கடை வெச்சிருக்கீங்க. கிரைண்டர் தேய்மானம் இந்த வருஷம் 10 ரூபா கூடுது. வரி 25 பர்சன்ட். மூணு கணக்கும் எப்படி மாறும்?" இன்வெஸ்ட்மென்ட் பேங்கிங், அதாவது மேலே சொன்ன மெர்ச்சன்ட் பேங்கர் மாதிரி வேலைக்கான இன்டர்வியூக்களில் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன கேள்வி இது. தேய்மானம் என்றால், மெஷின் பழசாகப் பழசாக அதன் மதிப்பில் வருடாவருடம் செலவாகக் கழிப்பது. வரிக்கு முந்தைய லாபம் 10 குறையும், வரியில் 2.50 மிச்சம், ஆக நிகர லாபம் 7.50 குறையும். ஆனால் தேய்மானத்துக்காக யாரும் கல்லாவிலிருந்து காசு எடுத்துக் கொடுப்பதில்லை, அதனால் கேஷ் ஃப்ளோவில் அந்த 10 திரும்பச் சேரும்; கையிருப்பு 2.50 கூடும். பேலன்ஸ் ஷீட்டில் கிரைண்டர் மதிப்பு 10 இறக்கம், ரொக்கம் 2.50 ஏற்றம், மொத்தம் 7.50 இறக்கம். எதிர்ப்பக்கம் சேர்த்துவைத்த லாபத்தில் அதே 7.50 இறக்கம். இரண்டு பக்கமும் சமம். லாபம் குறைந்து காசு கூடுகிறது என்று பலகையில் பார்த்தபோது எனக்குப் புல்லரித்தது, சத்தியமாக. பக்கத்தில் இருந்த பி.காம் பையன் கொட்டாவி விட்டான்.

எக்ஸெல் பழக்கமும் நன்றாகவே தருகிறார். இரண்டாம் வாரத்திலிருந்து மவுஸைப் பிடுங்கிவிடுவார். நாம் அடிக்கும் எண்கள் நீலம், ஃபார்முலா கறுப்பு. ஃபார்முலாவை நகலெடுக்கும்போது அதில் உள்ள செல் முகவரி நகராமல் பூட்ட எஃப்4. இது எனக்கு இன்றைக்கும் தினமும் உதவுகிறது.

ஐந்தாம் வாரத்திலிருந்து வகுப்பு சரிந்தது. ரெடிமேட் டெம்ப்ளேட், ஒரு சிமென்ட் கம்பெனி, கட்டத்தை நிரப்பு, அவ்வளவுதான். எதிர்காலக் காசை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவரும் விகிதம் 12 சதவீதம், கம்பெனியின் வருமானம் என்றைக்கும் வளர்ந்துகொண்டே இருக்கும் என்று வைத்துக்கொள்ளும் நிரந்தர வளர்ச்சி 4 சதவீதம் என்று டெம்ப்ளேட்டிலேயே இருந்தது. ஏன் 4 என்று கேட்டேன். "இண்டஸ்ட்ரி ஸ்டாண்டர்ட்மா." வீட்டுக்கு வந்து அதை 5 ஆக்கிப் பார்த்தேன். வருடம் 100 ரூபாய் ஈட்டும் கம்பெனியின் மதிப்பு 1,300-லிருந்து 1,500-க்குத் தாவியது. ஒற்றை எண்ணை மாற்றினால் 200 ரூபாய்! அந்த எண் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் விடுவதற்கா மூன்று வருடம் வரலாறு படித்தேன்?

பங்கு வெளியீட்டுக்கு முன், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அமைப்பான செபியிடம் தாக்கல் செய்யும் வரைவு ஆவணமான டி.ஆர்.எச்.பி.க்கு கடைசி வகுப்பில் அரை மணி நேரம்தான். செபி தளத்தில் இலவசமாகவே கிடைக்கிறது, நூற்றுக்கணக்கான பக்கங்கள். வரலாறு படிக்கிற நம் மாதிரி ஆட்களுக்கு விருந்து. அதை ஒதுக்கியதை நான் மன்னிக்கவில்லை. 'பிளேஸ்மென்ட் உதவி' என்பது ஒரு ரெஸ்யூமே மாதிரியும் ஒரு வாட்ஸப் குரூப்பும். குரூப்பில் காலை வணக்கம் வரும்.

இன்டர்ன்ஷிப் கிடைத்தது, நானே மெயில் போட்டு. இன்டர்வியூவில் தேய்மானக் கேள்வி வந்தது; கிரைண்டரை மனதில் வைத்துச் சொன்னேன். ஏன் ஹிஸ்டரி என்றார்கள்; ஆர்பத்நாட் கதை சொன்னேன், கேட்டுக்கொண்டார்கள். சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. இதுவரை மாடல் ஒன்றும் போடவில்லை. ஒன்பது கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளில் பின்னால் இருக்கும் குறிப்புகளைப் படித்து, முதலாளியின் உறவினர் நிறுவனங்களோடு என்ன கொடுக்கல் வாங்கல் என்று பட்டியல் போடுகிறேன். ஸ்லைடில் கட்டங்களை நேராக்குகிறேன்.

ஆர்ட்ஸ் படிப்பவர் இங்கே சேரலாமா? கணக்குப்பதிவியல் புத்தகத்தை முடித்துவிட்டு, சேரலாம். ஐந்துக்கு மூன்று தருவேன். டெமோ வகுப்பு இலவசம். போனால் அந்தத் தேய்மானக் கேள்வியைக் கேளுங்கள். சார் மார்க்கரை எடுத்தால் சேருங்கள். லேப்டாப்பைத் திறந்தால் கீழே இறங்கி, ஒரு காபி குடித்துவிட்டு ரயில் ஏறுங்கள்.